மூன்று பந்துகள்

என்னைக் காப்பாற்றிய அனைவருக்கும் வணக்கம்.

அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு காலடிச் சத்தத்தை வைத்து, கீழே 'தொடரும்' என்று போடுவது என் தொழில். என் இதய அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவுதான், அந்தச் சொல்லுக்குக் கீழே காத்திருப்பவர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டேன்.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் பதைபதைப்பு கூடும் என்பார் திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். அதை நம்பியே இத்தனை நாவல்களையும் எழுதினேன். அதனால், மருத்துவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மார்பெலும்பைப் பிளப்பது முதல் இதயத்தை நிறுத்தி வைப்பது வரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியதும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவர் சொல்லி முடித்தபோது பாதி பயம் போயிருந்தது. திரையில் குண்டைப் பார்ப்பவர் கத்தினாலும் அங்கே யாருக்கும் கேட்காது. எனக்கோ, மருத்துவர் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்: மூச்சுப் பயிற்சி.

மூன்று குழாய்கள், மூன்று பந்துகள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழ வேண்டும். அறுவை முடிந்த மறுநாள், முதல் பந்துகூட அசையவில்லை. இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து சளியை அடக்கிக்கொண்டு கிடந்தேன். இரவுப் பணிச் செவிலியர் ஒரு தலையணையை என் மார்போடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். "பிடியை விடாதீர்கள் ஐயா, இப்போது இருமுங்கள்" என்றார். இருமினேன். ஒன்றும் பிரியவில்லை. மூன்றாம் நாள் இரண்டாவது பந்து எழுந்தபோது அவர் தட்டிய கைதட்டலில் பக்கத்துக் கட்டில்காரரும் விழித்துக்கொண்டார். அம்மா, உங்களை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

நான் முகம் பார்க்காத ஒருவரும் இருக்கிறார். என் இதயம் நின்றிருந்த நேரமெல்லாம் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கி என் ரத்தத்தை ஓடவைத்தவர். 1930களின் தொடக்கத்தில், நுரையீரல் ரத்தக்குழாய் அடைபட்ட ஒரு பெண்ணின் அருகே இரவெல்லாம் கண்விழித்த ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவரின் மனதில் பிறந்தது அந்த இயந்திரம். அந்தப் பெண் பிழைக்கவில்லை. கிப்பனும் அவர் மனைவி மேரியும் விடாமல் உழைத்தார்கள்; 1953இல்தான் முதல் நோயாளி பிழைத்தார். இதைப் படித்த அன்று நெடுநேரம் என்னால் பேச முடியவில்லை.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு, தொடரை நிறுத்திவைத்துக் காத்திருந்த ஆசிரியருக்கு, "கதை மெதுவாக வரட்டும், நீங்கள் எழுந்து வாருங்கள்" என்று எழுதிய வாசகர்களுக்கு, ஆறு வாரம் என்னைக் கனமாக எதையும் தூக்கவிடாமல் காவல் காத்த என் மகளுக்கு, என் நன்றி.

திங்கட்கிழமை மீண்டும் எழுத உட்கார்ந்தேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு பெண்ணை இருட்டறையில் பூட்டிவிட்டு வந்திருந்தேன். முதல் வேலையாக அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஆணியை வைத்திருக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தொடர்கதை எழுத்தாளன்