பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள்: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, உறுப்பினர்களைச் சகித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரே, வணக்கம்.

குடும்ப வரலாறு தேடும் நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒருமுறை போய் வந்தோம். எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவருடைய பாட்டனார் ஜமீனில் திவானாக இருந்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் கணக்குப்பிள்ளை என்று இருக்கும். அந்த ஜமீனில் சமையல் செய்தவருக்கு மட்டும் ஏனோ வாரிசே கிடையாது.

சரி, புகார்களுக்கு வருகிறேன். பெரும்பாலானவை கல்யாண வீடுகளிலிருந்து வந்தவை. மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்த உறுப்பினரை வருமான வரிக்காரர் என்று நினைத்துப் பெண் வீட்டார் மிரண்டுபோனார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. ஊர், பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் ஒரே வரியில் வேறெங்கே கிடைக்கும்?

இன்னொருவர், பாயசம் பாதி இருக்கும்போதே பித்தளைத் தவலையைச் சாய்த்து, அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டார். இதில் செயலாளர் என்ற முறையில் நான் அவர் பக்கம். மகள்களுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வருவதற்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் வரிசையாக இருப்பார்கள், அக்கா தங்கைகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அந்த அத்தைமாரின் பெயர் பல வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. பாயசம் போனால் போகட்டும்.

அப்புறம் அந்த ஜாதக விவகாரம். ஓலையில் பெயர் இருக்கிறது, விளம்பி வருஷம் என்றும் இருக்கிறது. விளம்பி 1898-இலும் வந்தது, 1958-இலும் வந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வீடு அது. பேரன் பிறந்ததும் விளம்பியில்தான். தாத்தாவின் ஜாதகம் என்று ஒரு பங்காளியும், பேரனுடையது என்று இன்னொருவரும் மல்லுக்கு நின்றார்கள். கிரகத்தைப் பார்க்கலாம் என்றால், அறுபது ஆண்டில் குருவும் சனியும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். கடைசியில் ராகு நின்ற ராசியை வைத்துத் தாத்தாவுடையதுதான் என்று தீர்ந்தது. தோற்றவர் இன்னும் அந்தப் பஞ்சாங்கத்தை நம்பவில்லை. இருவரும் இப்போது கூட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறார்கள்.

துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும் முன் நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்கக் கூடாது என்றும், பந்தி முடியும்வரை பாத்திரங்களைத் தொடக் கூடாது என்றும் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. இரண்டாவது தீர்மானத்துக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஏழு தலைமுறையை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலருக்குப் போன வருஷச் சந்தா ஞாபகத்தில் இல்லை. பெயர்ப் பட்டியலைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்