சக்கரம் பாதி, பலகை பாதி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கிண்ணத்தின் படம் வந்தது. நீலம் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. அப்பா அதைக் கைபேசியின் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். என் கண் அடிப்பாகத்துக்குத்தான் போனது. கனமாக விட்டிருக்கிறாய். மெல்பர்ன் வகுப்பில் பாதி காய்ந்ததும் கவிழ்த்து வைத்து அடியைச் செதுக்கச் சொல்வார்கள் என்றாய். நம் ஊரில் செதுக்கும் வேலையே கிடையாது, தட்டித்தான் மெலிதாக்குவோம்.

"தாத்தாவின் தொழிலை நீ ஏன் எனக்குச் சொல்லித் தரவில்லை?" என்று கேட்டிருந்தாய். எனக்குச் சக்கரம் தெரியாது, கண்ணு. எங்கள் வீட்டில் பெண்கள் சக்கரத்தில் உட்காரக் கூடாது. கண்மாயிலிருந்து வந்த மண்ணில் கல் பொறுக்குவது, மணல் சலித்துக் கலப்பது, மிதிப்பது, தட்டுவது, காயவைப்பது, சூளைக்கு வைக்கோலும் வரட்டியும் சுமப்பது, அப்புறம் சந்தைக்குக் கூடை தூக்குவது, இதெல்லாம் எங்களுக்கு. பேர் மட்டும் சக்கரத்தில் உட்கார்ந்தவருக்கு. கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான் என்று வைத்துக்கொள்.

ஆனால் தட்டுவது எனக்குத் தெரியும். உன் வகுப்பில் அதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தாத்தா சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் முடித்து, நூலால் அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடியே இருக்காது. சுவர் விரற்கடைக் கனம், கீழே ஓட்டை. அதை நிழலில் வைத்து, அமுக்கினால் பள்ளம் விழாமல் தடம் மட்டும் விழும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இடது கையில் வழவழப்பான கல்லைப் பிடித்துப் பானைக்குள் விட்டு, வெளியே வலது கையால் தட்டுப்பலகையால் அடிப்போம். கல்லும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். உள்ளே கை போவது கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கல் விலகினால் 'பொத்' என்று கேட்கும். சுவர் மெலிய மெலிய மண் கீழ்நோக்கி நகர்ந்து ஓட்டை சுருங்கும், கடைசியில் மூடிக்கொள்ளும். நடுவில் பலகை ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வோம். அம்மா ஒரு பானையை மடியில் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவார். பானையில் ஒரு இடம் கூடக் குறையாது.

கச்சேரியில் வாசிக்கிற மானாமதுரை கடத்துக்கு இவ்வளவு புகழ் கிடைத்ததும் இந்தத் தட்டலால்தான். சுவர் எங்கும் சீராக இல்லாவிட்டால் நாதம் கெட்டுப்போகும். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாமா இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம். அதனால் பானை விலை ஏறியதா என்று கேட்டேன், சிரித்தார்.

அடி உருண்டையாக இருப்பதும் அழகுக்காக இல்லை. மூலை இல்லாததால் சூடு சீராகப் பரவும், மணல் கலந்த மண் அந்தச் சூட்டைத் தாங்கும். பொங்கலுக்கு இங்கே சிங்கப்பூரில் கேம்பல் லேனில் வாங்கும் பானை நம் வீட்டுக் கேஸ் அடுப்பில் வெடிக்காமல் இருப்பது அதனால்தான். உன் நீலக் கிண்ணத்தை நெருப்பில் வைத்துவிடாதே, விரிசல் விட்டுவிடும்.

இங்கே நீ படித்த பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே, லோரோங் தாவாஸில், டிராகன் சூளை இருக்கிறது. நான்கு வருடம் அங்கே படித்தும் நீ எட்டிப் பார்த்ததில்லை! போன மாதம் நானும் அப்பாவும் போனோம். 1940இல் கட்டியது, 1965இலிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருக்கிறது. கீழ்முனையில் நெருப்பு மூட்டி, பக்கவாட்டுத் துளைகள் வழியாக விறகு போட்டுக்கொண்டே மேலே போவார்கள். ஜூரோங்கில் முன்பு இப்படிப் பல சூளைகள் இருந்தனவாம், ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளும் செய்தார்களாம். டிராகன் சூளையில் சூடு 1,200 டிகிரியைத் தாண்டும், மண் கல்லாக இறுகித் தண்ணீர் கசியாது. நம் ஊர்ச் சூளையில் அவ்வளவு சூடு வராது, அதனால்தான் நம் பானை கசியும், தண்ணீரும் குளிரும். இங்கே சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கசிந்த ஈரம் சீக்கிரம் காயாததால் ஊர் அளவுக்குக் குளிராது. அப்பா மண்பானையைக் குறை சொல்கிறார். காற்றைச் சொல்ல வேண்டும்.

நீ டிசம்பரில் ஊருக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அங்கே மழை ஓய்ந்திருக்காது, பச்சைப் பானை காயாது, சூளையும் வைக்க மாட்டார்கள். மாமா வீட்டில் உட்கார்ந்து டிவிதான் பார்ப்பாய். சித்திரையில் போவோம், நானும் வருகிறேன். சக்கரத்தில் நீ உட்கார். மாமா ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். நீ இழுத்து முடித்ததை வாங்கித் தட்டிக் காட்டுகிறேன். என் தோள் வலியைச் சாக்கு சொல்லி அப்பா தடுப்பார், அவர் பேச்சைக் கேட்காதே.

லீவு கிடைக்குமா என்று இந்த வாரத்துக்குள் சொல். டிக்கெட் விலை ஏறுவதற்குள் எடுக்க வேண்டும், மாமாவிடமும் நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா