துப்பாக்கி வாங்கிய நண்பனுக்கு

பெங்களூரு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது தெருமுனையில் யார் வருகிறார்கள் என்பது வரை எனக்கு ரன்னிங் கமென்ட்ரி.

ஹூஸ்டனில் துப்பாக்கி வாங்கியதை எழுதியிருந்தாய். திருடனுக்குப் பயந்து வாங்கினேன் என்றால் வாயே திறந்திருக்க மாட்டேன். அரசாங்கம் அத்துமீறினால் குடிமகன் கையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. 1791இல் அந்த நாட்டுக்காரர்கள் எழுதிவைத்துக்கொண்ட துப்பாக்கி உரிமை, அவர்கள் பாடு. நீ ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவன்டா.

1991 டிசம்பரை மறந்துவிட்டாயா? தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி இடைக்கால உத்தரவு கெஜட்டில் வந்த மறுநாள் ஊர் பற்றிக்கொண்டது. உன் மாமா பரணிலிருந்த ஏர் கன்னை எடுத்துத் துடைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினார். உன் அப்பா அதைப் பிடுங்கிக் கோரைப்பாய்க்குள் வைத்துச் சுருட்டி, கட்டிலுக்கடியில் தள்ளினார். "ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா தெருவையே கொளுத்திடுவானுங்க." அப்புறம் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு, போலீஸ் ஜீப் எப்போது வரும் என்று காது கொடுத்துக் கிடந்தோமே. அன்றைக்கு அரசாங்கத்தின் துப்பாக்கியைத்தானே வேண்டிக்கொண்டிருந்தோம்?

2016 செப்டம்பரில் மறுபடி. தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பேருந்துகள் டிப்போவிலேயே வரிசையாக எரிந்தன. ஹெக்கனஹள்ளியில் போலீஸ் சுட்டதும் கும்பல் கலைந்தது என்று டிவியில் சொன்னபோது எனக்கு 'அப்பாடா' என்றிருந்தது. செத்துப்போனவன் இருபதுகளில் இருந்த பையன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த 'அப்பாடா' இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இரண்டு வருஷத்தில் தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. சீருடைகூட இல்லாமல், மஞ்சள் டி-சர்ட்டோடு வேன் மேல் ஏறிக் குறிபார்த்தாரே ஒரு போலீஸ்காரர், அந்த வீடியோவை நீதான் முதலில் அனுப்பினாய். 13 பேர் போனார்கள். அந்தக் கூட்டத்தில் பத்துப் பேரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செத்தவர்கள் எல்லோரும் தீவிரவாதிகள் என்று சாயங்காலமே எழுதி முடித்திருப்பார்கள், விசாரணைகூட வந்திருக்காது. கையில் ஒன்றும் இல்லாமல் போனதால்தான் அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ்காரர்கள் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுத முடிந்தது. எழுதியபடி முழுசாக நடந்ததா என்பது வேறு விஷயம்.

எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். கூட்டத்தைக் கலைக்கும்போது போலீஸ் செய்ததற்கு வழக்குத் தொடர அரசாங்கமே அனுமதி தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 132ஆம் பிரிவு. புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், பெயரை மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள், இதை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார்கள். யார் சுடச் சொன்னது என்று கேட்க, சுடச் சொன்னவர்களிடமே மனுப் போட வேண்டும்! என்கவுன்டரில் ஆள் செத்தால் எஃப்.ஐ.ஆர். போடு, சம்பந்தமில்லாத போலீஸ் விசாரிக்கட்டும், உடனே பதவி உயர்வு தராதே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவி உயர்வைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, பார். நான் சண்டை போடுவதானால் அந்த 132ஓடுதான் போடுவேன்.

துப்பாக்கியே கூடாது என்று சொல்கிற ஆளில்லை நான். என்னோடு வேலை பார்க்கும் குடகுக்காரர் வீட்டில் லைசென்ஸ் இல்லாமலே ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அவர்களுக்கு விதிவிலக்கு. கைல்போல்து பண்டிகைக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அரசாங்கத்தைச் சுடுவதற்கு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

உன் பையனுக்குப் பதினைந்து வயசு. அதை எங்கே பூட்டிவைத்திருக்கிறாய், சாவி யாரிடம் என்று அடுத்த கடிதத்தில் எழுது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுது.

அன்புடன்,
முரளி