பைய விட்டுட்டு வா, மக்களே

நாகர்கோவில்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்பு மகள் செல்விக்கு,

பிள்ளையோடு விமானத்தில் ஊருக்கு வருவதைப் பற்றி நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "நகை, பாஸ்போர்ட், பிள்ளைக்க பேப்பர் எல்லாம் ஒரே கைப்பையிலதான் இருக்கு. உயிரே போனாலும் அந்தப் பைய விடமாட்டேன்" என்று சிரித்தாய். "ஆமா பிள்ளே, அதான் பத்திரம்" என்றாள் அம்மா. எனக்குச் சாயா தொண்டையில் இறங்கவில்லை. அவள் காதில் விழப் பேசினால் நீ வந்து சேரும்வரை தூங்கமாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் கூப்பிடு, ஆனால் அம்மா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கூப்பிடு.

முதலில் அந்த 11ஏ சீட்டு விஷயம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார், அவர் இருந்தது 11ஏ. அன்றிலிருந்து எல்லாருக்கும் அந்த எண் மேல் ஒரு பக்தி. மருமகனும் உனக்கு அதையே எடுத்திருக்கிறார் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த விமானத்தில் அது அவசரக் கதவுப் பக்கத்து இருக்கை. உன் விமானத்தில் அது எங்கே வருகிறதோ! ஒருவேளை கதவுப் பக்கமே வந்தாலும் கைக்குழந்தைக்காரிகளை அந்த வரிசையில் உட்கார விடமாட்டார்கள். எழுப்பி வேறு இடம் கொடுப்பார்கள். அப்போது சண்டை போடாதே.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது "அப்பாவுக்கு என்ன வேலை" என்று கேட்டால் "ஏர்போர்ட்ல சும்மா இருக்கிற வேலை" என்பாய். தப்பில்லை. ஏர்போர்ட் தீயணைப்புப் படையில் முப்பது வருடத்துக்கு மேல் சும்மா இருக்கத்தான் சம்பளம் வாங்கினேன். மணி அடித்துவிட்டால் மட்டும் கணக்கு வேறு. ரன்வேயின் எந்த மூலையாக இருந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் முதல் வண்டி போய் நுரை அடித்தாக வேண்டும். இரண்டு நிமிடத்தில் போனால் கெட்டிக்காரர்கள். உலகம் முழுக்க இதுதான் விதி. ஆனால் எரிபொருள் கொட்டி வெளியே தீ பற்றிக்கொண்டால், விமானத்தின் அலுமினிய உடம்பு ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக் கழித்துப் பார். அந்த மிச்ச நேரத்தில் உங்கள் அப்பன்மார் யாரும் அங்கே இருக்கமாட்டோம்.

அதனால்தான் புது ரக விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், விளக்கை அணைத்து, பாதிக் கதவை அடைத்து, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் 90 விநாடியில் இறங்க முடியுமா என்று பார்க்கிறார்கள். 2006-ல் ஹாம்பர்க்கில் ஏ380 என்கிற பெரிய விமானத்தைச் சோதித்தபோது 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். ஸ்டேஷனில் நாங்கள் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் சீனியர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டியளா, அந்தக் கூட்டத்துல ஒருத்தனும் பையத் தேடல. கைப்பிள்ளைக்குப் பதிலா பொம்மை வச்சிருந்தானுவ. பொம்மை அழாது."

2016 ஆகஸ்ட் 3 உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது காலேஜில் இருந்தாய். அன்று காலை நான் டியூட்டி. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு எமிரேட்ஸ் போயிங் 777, 300 பேரோடு எங்கள் கண் முன்னால்தான் கிளம்பிப் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம், செய்தி வந்துவிட்டது. காற்று மாறி அடித்திருக்கிறது. தரை தொட்டபின் மறுபடி எழும்பப் பார்த்திருக்கிறார்கள், எஞ்சின் வேகம் ஏறவில்லை, சக்கரம் மடங்கிக்கொண்டிருக்கும்போதே வயிற்றால் ரன்வேயில் விழுந்து தேய்த்துக்கொண்டு போனது. 300 பேரும் வெளியே வந்தார்கள். இதுவரை கேட்டால் சந்தோஷக் கதை.

உள்ளே ஒருவர் போனில் எடுத்த படத்தை நாங்கள் பயிற்சி வகுப்பில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! புகை உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பணிப்பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். ஆட்கள் மேலே கையை நீட்டிப் பெட்டி இறக்குகிறார்கள். ஒருவர் லேப்டாப்பைத் தேடுகிறார். எல்லாம் நம்ம ஊர்ப் பக்கத்து ஜனங்கள், மக்களே. நல்லவர்கள்தான். பல வருடம் பாலைவனத்தில் சம்பாதித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கும். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் நானும் அப்படிச் செய்திருப்பேனோ என்று தோன்றியது. விமானம் நின்று ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு நடுவில் இருந்த எரிபொருள் தொட்டி வெடித்தது. கேப்டனும் மூத்த சிப்பந்தியும் அப்போதும் உள்ளே இருந்தார்கள், அதற்குப் பிறகுதான் குதித்தார்கள். வெளியே நின்ற தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்துபோனார். அன்று ராத்திரி எங்கள் ஸ்டேஷனில் யாரும் அதிகம் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். எட்டுப் பத்துக் கதவு இருக்கிறது என்று நம்பாதே. அன்று துபாயில், கதவிலிருந்து தரைக்குச் சறுக்கி இறங்குகிற ஸ்லைடுகளில் சிலவற்றைக் காற்று தூக்கி அடித்துவிட்டது. டோக்கியோ ஹனேடாவில் 2024 ஜனவரி 2 அன்று இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதி எரிந்தது. அந்தச் சின்ன விமானத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். பெரியதில் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள். எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. அறிவிப்பு மைக் வேலை செய்யவில்லை, சிப்பந்திகள் மெகாஃபோனை வைத்துக்கொண்டு கத்தினார்கள். கடைசி ஆளாகக் கேப்டன் இறங்கும்போது தரை தொட்டுப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டு வயதுக்குக் கீழே எட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். ஜனங்கள் பெட்டியை எடுக்கவில்லை. ஜப்பான்காரனைப் புகழ்ந்தே காலம் தள்ளுகிறவன் நான் இல்லை, உனக்குத் தெரியும். அன்று மட்டும் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆகையால் நகைக்கு ஒரு வழி சொல்கிறேன். பாஸ்போர்ட், பிள்ளையின் பேப்பர், தாலிச் செயின், உன் மாமியார் போட்ட வளையல், இவ்வளவும் இடுப்பில் கட்டுகிற சின்னப் பையில் கொள்ளும். சுடிதாருக்கு உள்ளே கட்டிக்கொள். மீதி நகையை மருமகன் லாக்கரில் வைக்கட்டும். அம்மாவுக்குப் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கைப்பையில் டயப்பரும் பால்பாட்டிலும் மட்டும் இருந்தால் அதை விட்டுவிட்டு எழுந்து வர உனக்கு யோசனையே தேவைப்படாது. கையில் பையோடு ஸ்லைடில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஏர்போர்ட்டில் ஒருமுறை சக்கரத்தில் புகை வந்து எல்லாரையும் இறக்கினோம். தீ கூட இல்லை. பின்னால் வந்தவரின் டிராலிப் பெட்டி முன்னால் போன பெரியவரின் கணுக்காலில் விழுந்து எலும்பு முறிந்தது. அன்றைக்கு அடிபட்டது அவர் ஒருவர்தான்.

கொல்கத்தாவில் பயிற்சியின்போது புகை அறை என்று ஒன்று உண்டு. வெளிச்சத்தில் பத்துத் தடவை நடந்து பார்த்த அறைதான். புகையை விட்டதும் என் கை எனக்கே தெரியவில்லை. வாசல் இடது பக்கம் என்று மனசுக்குத் தெரியும், கால் வலது பக்கம் போகிறது. என்னோடு வந்த ஆந்திராக்காரன் சுவரைத் தொட்டு எண்ணிக்கொண்டே போனான். நான் இருமிக்கொண்டு வெளியே இழுக்கப்பட்டபோது அவன் பாதிச் சாயாவைக் குடித்திருந்தான். 1985 ஆகஸ்டில் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 கிளம்பும் ஓட்டத்திலேயே எஞ்சின் உடைந்து எரிந்தது. தரையை விட்டு எழும்பவே இல்லை. 137 பேரில் 55 பேர் போனார்கள், பெரும்பாலோர் புகையில். அதற்குப் பிறகுதான் இறக்கைக் கதவுப் பக்கத்து வரிசையில் இடைவெளியை அகலமாக்கினார்கள்.

நீ உட்கார்ந்ததும் முன் கதவு வரை எத்தனை சீட்டு, பின் கதவு வரை எத்தனை சீட்டு என்று எண்ணு. இரண்டு பக்கமும். பக்கத்து ஆள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். புகை வந்தால் குனிந்து, சீட்டைத் தொட்டுக்கொண்டே வா. பெல்ட்டைத் திறக்கிற விதத்தையும் இரண்டு தடவை செய்து பார். பதற்றத்தில் கை, கார் பெல்ட் என்று நினைத்துப் பொத்தானைத் தேடும். இது மேலே தூக்குகிற கொக்கி.

குட்டிப்பயலுக்கு வருகிறேன். உன் பெல்ட்டோடு கோத்துக்கொள்கிற சின்ன பெல்ட் ஒன்று தருவார்கள், கேட்டு வாங்கு. உன் பெல்ட்டுக்குள்ளேயே அவனையும் வைத்துக் கட்டிவிடாதே, உன் பாரம் முழுக்க அவன் மேல் விழும். தூங்குகிறானே என்று பெல்ட்டை அவிழ்க்கவும் வேண்டாம். குனியச் சொன்னால் ஒரு கையை அவன் தலைக்குப் பின்னால் வைத்து அவனை மூடிக் குனி. ஸ்லைடில் அவனை நெஞ்சோடு அணைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சறுக்கு. வேறு யாரிடமும் கொடுக்காதே, கீழே தூக்கிப் போடவும் செய்யாதே.

திருவனந்தபுரம் ரன்வேயின் ஒரு முனை கடல் பக்கம் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. விமானம் தண்ணீரில் இறங்க நேர்ந்தால் உயிர்காப்பு உடுப்பை மாட்டு, ஆனால் உள்ளே இருக்கும்போது ஊதாதே. 1996-ல் கொமோரோஸ் தீவுக் கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் 175 பேரில் 50 பேர்தான் மிஞ்சினார்கள். உள்ளேயே ஊதிக்கொண்ட பலரைத் தண்ணீர் கூரையோடு அடைத்துவிட்டது. குழந்தைக்குத் தனி உடுப்பு உண்டு.

வெளியே வந்தபின் நின்று திரும்பிப் பார்க்காதே. காற்று வருகிற திசை பார்த்துத் தூரமாகப் போ. எங்கள் தொழிலில் யாரும் பேச விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். 2013 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது விபத்துக்குள்ளான ஏசியானா விமானத்தில் இருந்த 307 பேரில் மூன்று பேர்தான் இறந்தார்கள். அதில் ஒரு பிள்ளை நுரைக்கு அடியில் கிடந்ததால் தெரியாமல், தீயணைப்பு வண்டியே அவள் மேல் ஏறியது. உதவி செய்ய வந்த வண்டி. விபத்தின்போது வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தவர்கள் இரண்டு பேரும் பெல்ட் போட்டிருக்கவில்லை.

நைலான் போடாதே, பருத்திச் சுடிதார் போதும். செருப்பு வேண்டாம், கட்டுகிற ஷூ. விமானம் மேலே ஏறி நிலைப்படும் வரையிலும், இறங்க ஆரம்பித்ததிலிருந்தும் அதைக் கழற்றாதே.

இவ்வளவு எழுதியதும் உனக்கு வரவே பயமாக இருக்கும் என்று தெரியும். என் சர்வீஸ் முழுக்க லட்சக்கணக்கான ஜனங்கள் என் முன்னால் இறங்கி, டிராலி தள்ளிக்கொண்டு, வெளியே போய் அழுது கட்டிப்பிடித்ததைத்தான் பார்த்தேன். நீயும் அப்படித்தான் வருவாய். நான் வேன் சொல்லிவிட்டேன். விடியற்காலை என்பதால் அம்மாவைக் கூட்டி வரமாட்டேன், ஆனால் அவள் கேட்கமாட்டாள், வருவாள். முந்திரிக்கொத்துக்கு இப்போதே பயறு வறுத்துவிட்டாள்.

சீட்டில் உட்கார்ந்ததும் எண்ணிப் பார்த்து, முன்னால் இத்தனை, பின்னால் இத்தனை என்று எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அப்பா