எரர் கோடை அழிக்காதே, எர்த்தைப் பார்

அன்பு மகளுக்கு,

வண்டியின் எஞ்சின் விளக்கு "மறுபடியும் எரியுதுப்பா" என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபப்படாதே. வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டை, அதாவது எரர் கோடை, மூன்று தடவை ஸ்கேனரில் அழித்தாய், மூன்று தடவையும் நாலைந்து நாளில் அந்த மஞ்சள் விளக்கு திரும்பி வந்துவிட்டது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அழிப்பதை நிறுத்து. கோடு பதிவான நேரத்தில் எஞ்சின் என்ன ஆர்பிஎம்மில் ஓடியது, எவ்வளவு சூட்டில் இருந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நமக்கு வேண்டியதே அதுதான், அடுத்த தடவை படம் எடுத்து அனுப்பு. அப்புறம் ஒன்று, விளக்கு விடாமல் எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம், விட்டு விட்டு மின்னினால் உடனே ஓரங்கட்டு. அது மிஸ்ஃபயர், சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அந்த எரியாத எரிபொருள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காலி செய்துவிடும்.

உனக்கு வந்தது பி0562, அதாவது மின்னழுத்தம் குறைவு. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னார்களாம். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் வருகிறது என்று நீயே சொன்னாய், அப்புறம் அதை எதற்கு மாற்ற வேண்டும்? கரண்ட் வருகிறது, வழியில் எங்கோ தொலைகிறது. எல்இடி லைட் பாரும், வண்டியை இழுக்கும் வின்ச்சும், இன்வெர்ட்டரும் மாட்டிய பிறகுதானே இந்தத் தொல்லை. எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாக பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பு. கம்ப்யூட்டரின் எர்த் வரும் அதே போல்ட்டில் உன் லைட் வயரின் லக்கையும் (முனையில் இருக்கும் வளையம்) சொருகி, அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் முறுக்கியிருந்தால், லைட் போட்டதும் அந்த இடத்திலேயே வோல்ட் ஏறி நிற்கும், கம்ப்யூட்டருக்கு அந்த அளவு குறைத்துத்தான் கிடைக்கும்.

சிவப்பு முனையில் டேப் சுற்றிய பழைய மல்டிமீட்டர் உன்னிடம்தானே இருக்கிறது? டிசி வோல்ட்டில் வை. எஞ்சினை ஓடவிட்டு, லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்வின் ஈயத் தூணிலும் சிவப்பை அந்த எர்த் லக்கிலும் வை. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான். போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, உன் லைட்டுக்கு சேஸிஸில் தனி இடம் கொடு. நேராக பேட்டரி நெகட்டிவ்விலேயே மாட்டிவிடலாம் என்று நினைக்காதே. அந்தக் கிளாம்பில் சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தால் அது கரண்ட்டை அளக்கும் சென்சார். அதைத் தாண்டி நீ எர்த் எடுத்தால் கணக்கு தப்பி, சார்ஜிங்கும் தப்பும்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். ஒரு வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் கோடு வந்துகொண்டே இருந்தது, சென்சாரை இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவது தடவை வயர்க்கட்டின் டேப்பை உரித்தால் உள்ளே ஒரு நீல நிற அமுக்குக் கிளிப், ஓடும் வயரை வெட்டாமல் அதிலிருந்து இன்னொரு வயர் எடுப்பது, நான் போட்டதே, ரிவர்ஸ் லைட்டுக்காக. அதைப் பிரித்தபோது செம்பு இழைகள் பச்சை பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தன. வெளியே வயர் புதுசு மாதிரி இருந்தது! நீயும் அந்தக் கிளிப் போட்டிருந்தால் எல்லாவற்றையும் வெட்டி எறி. லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து, பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகத்தான் போக வேண்டும்; உன் சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும்.

எர்த் சரியாக இருந்து கோடும் வந்தால், நீ மாட்டிய மூன்றின் ஃபியூஸையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டு. விளக்கு வராவிட்டால் ஒவ்வொன்றாகச் சேர், நடுவில் நாலைந்து நாள் விடு. உனக்குப் பொறுமை கிடையாது, தெரியும். வின்ச்சைக் கடைசியில் மாட்டு.

எர்த் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா