கூடு காக்கும் மீன்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமலே வாய்க்கால் கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. தங்கச்சி சொல்கிறபடி கேள். இன்னும் இரண்டு மாதம் வரப்பில் இறங்காதே. இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்குப் பேச்சு வந்துவிட்டது, போனில் உன்னையும் தாத்தா என்றுதான் கூப்பிடப் போகிறாள்.

அமெரிக்காவில் தூண்டில் போட இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால், பிளாங்கோ ஆற்றில் போய்ச் சேரும் சின்ன ஓடை ஒன்று. நம்மூர் கிளை வாய்க்கால் அகலம்தான். அடியெல்லாம் சுண்ணாம்புப் பாறை, அதனால் தண்ணீர் பளிங்கு மாதிரி. பெரும்பாலும் முழங்கால் ஆழம், வளைவுகளில் மட்டும் ஆள் ஆழத்துக்கு மடு. இரு கரையும் ஒரு பெரியவரின் மாட்டுப் பண்ணை. டெக்சாஸில் இவ்வளவு சின்ன ஓடை என்றால் பெரும்பாலும் தனியார் நிலம், கேட்காமல் கால் வைக்கக் கூடாது. நேரில் போய்க் கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: திறந்து கிடக்கும் கேட்டைத் திறந்தே விடு, மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போ.

இங்கே நான் தேடிப் போவது குவாடலூப் பாஸ் என்ற மீனை. பாஸ் என்றால் இந்த நாட்டில் பலர் ஏரியில் மோட்டார் படகில் போய்ப் பிடிக்கும் பெரிய வாய் பாஸைத்தான் நினைப்பார்கள். இது அதன் தம்பி. ஓரடி வளர்ந்தாலே பெரிய மீன். டெக்சாஸைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1989-இல் இதை மாநில மீனாகவே அறிவித்தார்கள். ஓடும் தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். கல்லுக்குப் பின்னால் வேகம் உடைகிற இடத்தில், நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலாக, சத்தமில்லாமல் நடந்து வந்து, இரையைக் கல்லுக்கு மேற்பக்கம் போட வேண்டும். தண்ணீரே அதை மீனின் வாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். மெல்லிய நரம்பு, விரல் நீள ரப்பர் புழு, அவ்வளவுதான். முள் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவேன். மீனின் வாய் கிழியாது.

இந்த மீன் இன்று ஓடையில் நீந்துவதே பெரிய காரியம், பங்காளி. 1974-இல், தூண்டில்காரர்களுக்கு நல்ல வேட்டை கிடைக்கட்டும் என்று, சின்ன வாய் பாஸ் என்ற வெளியூர் மீனை இந்தப் பக்கத்து ஆறுகளில் விட ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து இனம் கலந்துவிட்டது. சில ஆறுகளில் கலப்பில்லாத குவாடலூப் பாஸைத் தேட வேண்டிய நிலை. படித்தபோது நம் ஜிலேபிக் கெண்டை ஞாபகம்தான் வந்தது. அதுவும் 1952-இல், ஏழை வயிற்றுக்கு மீன் கிடைக்கும் என்று ஆப்பிரிக்க இனத்தைக் கொண்டு வந்து விட்டதுதானே. பிறகு எந்தக் குளத்தில் வலை வீசினாலும் அதுவே வந்தது.

அப்புறம் 2011-இல் இங்கே கொடும் வறட்சி. பிளாங்கோ ஆற்றின் மேல்பகுதி ஓட்டம் நின்று, தனித்தனிக் குட்டைகளாகிவிட்டது. மீன்வளத்துறைக்காரர்கள் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். குட்டை குட்டையாக இறங்கி, வெளியூர் மீனையும் கலப்பு மீனையும் பிடித்து அகற்றினார்கள். மழை பெய்து ஆறு ஓடியதும், கலப்பில்லாத குஞ்சுகளைக் கொண்டு வந்து விட்டார்கள். வறட்சி இப்படியும் உதவும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை ஒன்று மாட்டியது. கையை நன்றாக நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். இல்லையென்றால் மேலே உள்ள வழவழப்பு போய் மீனுக்கு நோய் வரும். ஒரு சாண் நீளம். முதுகு பாசிப் பச்சை, பக்கவாட்டில் வயிற்றுக்குக் கிட்டே வரை சாய்சதுரமாகக் கருந்திட்டுகள். மீனின் வாயை மூடிப் பார்த்தேன், தாடை கண்ணைத் தாண்டவில்லை. பெரிய வாய் பாஸாக இருந்தால் தாண்டியிருக்கும். தண்ணீருக்குள் அதன் தலையை வைத்துப் பிடித்தேன், ஒரு உதறு உதறிக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

அதற்கு மேலே இருந்த மடுவின் ஓரத்தில், கூழாங்கல் தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக ஓரிடம் துடைத்துவிட்டதுபோல் வெளுத்திருந்தது. அதன்மேல் ஒரு பாஸ் அசையாமல் நின்றது. அது ஆண் மீன். வாலால் தட்டித் தட்டிக் கூடு அமைப்பது அதுதான். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்கத் தகப்பனுக்கு. சின்ன மீன்கள் கிட்டே வரும்போதெல்லாம் பாய்ந்து விரட்டியது, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. இரையைக் காட்டினால் பசியில்லாவிட்டாலும் கோபத்தில் கடிக்கும். இரண்டு நிமிடம் அதைத் தூக்கி வைத்திருந்தால் போதும், முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். நான் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன்.

நமக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? மடைக்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கும். அதற்கு நடுவில் தவளையைக் கட்டிப் போட்டால், கீழே காவல் இருக்கும் பெரிய விரால் சீறிக்கொண்டு வரும். நீ நரம்பை இழுப்பாய், நான் கோணியைப் பிடிப்பேன். அம்மா வைத்த குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தச் சிவப்புக் கூட்டம் இல்லை. நீ எதுவும் பேசாமல் வீட்டுக்கு நடந்தாய். அன்றைக்கு உன்னிடம் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்: உனக்கும் மனசு கஷ்டமாக இருந்ததா?

ஜூனில் மேட்டூரில் தண்ணீர் விட்டு, நம் வாய்க்காலுக்கு வந்ததும், மெதுவாக நடந்து போய்ப் பார்த்து எழுது. விரால் இன்னும் இருக்கிறதா, குறவை இருக்கிறதா, அயிரை கண்ணில் படுகிறதா? குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் எந்த மடை என்று குறித்து வை. யாரிடமும் சொல்லாதே. டிசம்பரில் வருகிறேன், சேர்ந்து போய்ப் பார்க்கலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பங்காளி