கிளவுட் கற்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரம் முடித்த மலையகப் பிள்ளைகள் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) படிக்க முன்வருவது மகிழ்ச்சி. முதலில் லினக்ஸ் இயங்குதளக் கட்டளைகளும், வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கும் கைவரட்டும். அதற்குப் பழைய மடிக்கணினியே போதும்.

அமேசான் கிளவுட்டில் கணக்குத் திறந்தவுடன் பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, செலவைத் தானாக நிறுத்தாது. அங்கே உருவாக்கும் சர்வரை (வாடகைக் கணினியை) நிறுத்தி வைத்தாலும், அதன் தரவைச் சேமிக்கும் வட்டுக்குக் கட்டணம் ஏறும். பயிற்சி முடிந்ததும் இரண்டையும் அழித்துவிடுங்கள். அமேசானின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் பட்டியல் என்பதால், மும்பையில் உருவாக்கிய சர்வர் சிங்கப்பூர்ப் பட்டியலில் தெரியாது. மறதி அங்கேதான் நேர்கிறது.

அமேசான் கிளவுட்டின் தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வுக்கு 65 கேள்விகள், 90 நிமிடம், கட்டணம் 100 டொலர். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர், தேர்வுக்குப் பதியும் முன்பே விண்ணப்பித்தால் மேலதிகமாக 30 நிமிடம் கிடைக்கும். கட்டாயம் கேட்டுப் பெறுங்கள், பிள்ளைகளே.

கணினிப் பயிற்றுநர்கள்,
ஹட்டன்